இருநூற்று நாற்பது கிராம்

பகலில் என் உலகம் ஒரு மீற்றர் அகலம்.
அம்பகாமத்துக் காட்டுக்குள்
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை.
முழந்தாளில் நின்று
புல்லை நாலு விரல் நறுக்கி,
கருவியை வீசி, அது பேசாதிருக்கிறதா என்று கேட்டு,
பிறகு அடுத்த நாலு விரல்.
ஒரு பாயின் நீளம் போன அன்று
அன்ரனிற்றா சொல்லுவாள்:
"இண்டைக்கு ஓடிட்டமடி."

இரவில் யதுர்சனோடு போகிறேன்.
தேவாங்கு எண்ண வந்த கம்பஸ் பெடியன்.
எந்த ஒழுங்கை துப்புரவு, எது இல்லை என்று காட்ட
அவனுக்கு ஓர் ஆள் வேண்டும்.
எனக்கு இரவுக்கு ஆயிரத்தைந்நூறு.

தலைலைற்றில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தான்.
வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைச் சுடுமாம்.
எட்டே காலுக்கு, வீரை மரத்தில்,
இரண்டு தணல்.
சேர்ந்தே திரும்பின. சேர்ந்தே அணைந்தன.

"குரங்கெண்டு எழுதாதேங்கோ அக்கா" என்றான்.
குரங்குகள் பகலைப் பிடித்துக்கொண்டபோது
இரவோடு நின்றுவிட்ட ஒன்றுவிட்ட சொந்தம்.
வால் இல்லை. பாய்ச்சல் இல்லை.
கிளையைக் கையும் காலுமாய் நாலு பிடி;
ஒன்று புதிதாய்ப் பிடிக்கும்வரை
மற்ற மூன்றும் விடாது.
தன் மூத்திரத்தில் உள்ளங்கை கழுவும்.
நாங்கள் வாய்விட்டுக் கத்தும் எறும்பை
முகத்தைச் சுளித்துச் சுளித்துத் தின்னும்.
கண்ணுக்காகவே அதைக் கொன்றார்களாம்,
மைக்கும் மருந்துக்கும்.

நான் கையைத்தான் பார்த்தேன்.
நீட்டி,
காற்றில் வைத்து,
யோசித்து,
தொட்டு,
பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கி.
இந்த நடையைப் பழக எனக்கு
மூன்று கிழமைப் பயிற்சியும் ஒரு சான்றிதழும்
வலது காதில் ஓயாத ஒரு இரைச்சலும் செலவானது.

மூன்றாம் இரவு ஒரு தாய்.
குட்டிகள் இரண்டையும் உலுவிந்தைக் கொப்பில் விட்டுவிட்டு
இரை தேடிப் போயிருந்தாள்.
அப்படித்தானாம் வழக்கம்:
பொழுதுபடக் கொழுவிவிட்டுப் போவாள்,
விடிய முன்னம் வந்து எடுப்பாள்.
குட்டிகள் அசையவில்லை,
பெருவிரலளவு இரண்டு முடிச்சு.

அவள் வந்தது கட்டைகளுக்கு அந்தப் பக்கத்தால்.
பாலையில் இருந்து கொடி பிடித்து வந்தவள்
கொடி முடிந்த இடத்தில் நின்றாள்.
முன்னங்கையை நீட்டினாள்.
அங்கே ஒன்றுமில்லை.
திரும்பவும் நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கொடியை வெட்டியது நான்.
ஒழுங்கைக்கு மேலே எதுவும் தொங்கக்கூடாது, விதி.

இறங்கினாள்.
தலைகீழாய், அடிமரம் வழியே,
நாங்கள் இன்னும் தொடாத மண்ணில்.
"எத்தினை நிறை வரும்?"
"இருநூற்று நாற்பது கிராம். மிஞ்சினால் இருநூற்றைம்பது."
மிதிவெடிக்கு அது ஒரு பழுத்தல் இலை.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் மூச்சு விடவில்லை.

காய்ந்த சருகில் நாலு கால், சத்தமே இல்லை.
கட்டை தாண்டினாள்.
பிறகு என் ஒழுங்கை: துப்புரவானது, வெறும் தரை,
நாயும் நரியும் ஆந்தையும் பார்க்க
ஒரு மீற்றர் வெளி.
அங்கேதான் அவள் ஓடினாள்.
தேவாங்கு ஓடும் என்று யதுர்சனும் அன்றுதான் கண்டான்;
கொப்பியில் நேரம் எழுத மறந்துபோனான்.

இருபத்தைந்து வருசம் இந்த மண்ணை
மனிதர் மிதிக்கவில்லை.
அதனால் கொடி வளர்ந்தது.
இன்னும் ஒரு போகத்துக்குள் கையளித்துவிடுவோம்;
கௌபி போடுவார்களோ, கம்பி போடுவார்களோ.
அது சரிதான். சனத்துக்குக் காணி வேண்டும்.
எனக்கும் ரெண்டு ஏக்கர் இதற்குள்தான் எங்கோ கிடக்கிறது.

காலையில் அடுத்த பாலை.
அதிலும் ஒரு கொடி, மணிக்கட்டுத் தடிப்பு,
ஒழுங்கைக்குக் குறுக்கே.
புல்லை வெட்டினேன். முள்ளை வெட்டினேன்.
பின்னேரம் மேற்பார்வையாளர் வந்து
அண்ணாந்து பார்த்தார்.
"உதென்ன விட்டிருக்கிறீர்?"

கத்தி மொட்டை, சேர், என்றேன்.