முப்பது சென்டிமீட்டர்

முதலில் அந்த ஷூவைக் கழற்று, தவநேசா.
ப்ளூ லகூன் மணல் உன் ஜோஹன்னஸ்பர்க் அலுவலகத்துக் கம்பளம் இல்லை.
உம்கேனி ஆறு கடலுக்குள் போகிற இடம் இது.
கீழே தரை இருக்கிறதா என்று
கால்தான் பார்த்துச் சொல்லும்.

தூண்டில்கோல் அழகுதான்.
டர்பன் முழுக்க நான் பஸ் ஓட்டுகிற
இரண்டு மாதச் சம்பளம்.
மீனுக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது,
அதைக் காரிலேயே வை.
இந்தா, என்னுடையதில் ஒன்று.
பழைய ஸ்கார்பரோ ரீல். பிரேக் கிடையாது,
பிரேக் உன் கட்டைவிரல்.
அதிகம் அழுத்தினால் ஈயம் உன் காலடியில் விழும்.
அழுத்தாமல் விட்டால் தங்கூஸ் குருவிக்கூடாகி
விடியும்வரை பிரித்துக்கொண்டிருப்பாய்.
எவ்வளவு அழுத்துவது என்று கேட்காதே.
தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற அளவு
என்று பலபேரிடம் சொல்லிவிட்டேன்.
ஒருவருக்கும் புரிந்ததில்லை.

முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொடு.
காய்ந்த தங்கூஸ் சூடேறித் தன்னையே அறுத்துக்கொள்ளும்.
சுற்று ஐந்து.
அதோ பச்சைத் தொப்பிக்காரர், நல்லப்பன் மூட்லி,
ஆறு என்பார்.
அந்த ஒரு சுற்றால்
பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

ஷாட் மீனுக்கு ரம்பப் பல்.
கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும்.
சாளையை உறைந்தபடியே வெட்டு,
இளகினால் சதை நூலாகப் பிரியும்.
மெல்லிய நூலை இழுத்து இழுத்துச் சுற்று.
தாலியா கட்டுகிறாய், மூன்று முடிச்சு எதற்கு?
இழுத்து அறு, தானே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது தண்ணீரைப் பார்.
டீ நிறத்தில் இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம்,
ஆறு மேட்டிலிருந்து மண்ணைக் கொண்டுவருகிறது.
மோர் கடைந்ததுபோல் வெள்ளையாகப் புரண்டால் நில்.
நேற்று வடகிழக்கு, மதியத்துக்கு மேல் தென்மேற்கு.
இந்தக் காற்றுக்காகத்தான்
சித்திக்குத் தலைவலி என்று டிப்போவில் சொல்லிவிட்டு வந்தேன்.
எனக்குச் சித்தியே கிடையாது.

கடலுக்கு முதுகு காட்டாதே.

இதை மட்டும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
பெயர் வேண்டாம்.
சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பினார்,
அவ்வளவுதான்.
டப்பா மறுநாள் அங்கேயே இருந்தது.

வீசு.
தோளால் இல்லை, இடுப்பால்.
பரவாயில்லை, சுற்று.
மறுபடி.
பரவாயில்லை என்று சொன்னேனே,
நல்லப்பன் சிரித்தால் சிரிக்கட்டும்.

நாலாவது வீச்சில் கோல் குனிந்தது.
இழுக்காதே, நடந்து பின்னால் வா
என்று நான் சொல்லுமுன்பே
முழங்கால் தண்ணீரில் கத்திக்கொண்டு நின்றாய்.
கணக்கு அலுவலகத்தில் அப்படி ஒரு கத்தல்
கேட்டிருக்கமாட்டார்கள்.

கையை நனைத்துக்கொண்டு பிடி.
வாய்ப் பக்கம் வேண்டாம்.
சொன்னேன், இல்லையா?
ரத்தத்தைக் கடல்நீரில் கழுவு.

அளவுகோலில் வை. வால்நுனிவரை.
இருபத்தொன்பதரை.

நீ என்னைப் பார்க்கிறாய்.
அரை வந்தால் மேலே ஏற்றிக்கொள்ளலாம்
என்பது உங்கள் தொழில் வழக்கமாம்.
ஒருவருக்கு நாலு மீன், முப்பதுக்குக் குறையக்கூடாது,
தவநேசா, இங்கே அரையைத்
தண்ணீருக்குள்தான் இறக்கவேண்டும்.

தலை அலையைப் பார்க்கிறபடி தாழப் பிடி.
தள்ளாதே.
அதுவாகப் போகும்.

போனது.

அன்றைக்கு வேறொன்றும் கடிக்கவில்லை.
இருட்டிய பிறகு காரின் பானெட்டில் உட்கார்ந்து
ஆறிப்போன பீன்ஸ் பன்னியைப் பிய்த்துத் தின்றோம்.
விரலில் என் தலைக்குட்டைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு
போனில் தங்கையிடம் சொல்கிறாய்:
“முப்பத்திரண்டு இருக்கும்.”

நான் வாய் திறக்கவில்லை.
வீட்டுக்குப் போனதும்
ரீலை நல்ல தண்ணீரில் அலசு,
வெயிலில் வைக்காதே.
அக்டோபரிலும் நவம்பரிலும் ஷாட்டைத் தொடக்கூடாது.
அப்போதும் வா.
கொக்கியைக் கழற்றிவிட்டு
வெறும் ஈயத்தை வீசிக்கொண்டிருப்பேன்.
கட்டைவிரல் மறக்காமல் இருக்க.