தட்டிப் பார்த்தல்

டேங்கரில் எவ்வளவு மிச்சமென்று
ஸ்பேனரால் தட்டித்தான் கண்டுபிடிப்பேன்.
கணீரென்றால் காலி.
மொத்தென்றால் தண்ணி.

டாக்டரம்மா அமுதவல்லியின் முதுகில்
விரலால் அதையே செய்தார்.
மேலிருந்து கீழாக.
வலப்பக்கம், பாதி முதுகில்
மொத்.
அவர் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நுரையீரலுக்குள்ள இல்லீங்க, வெளிய.
சுத்தி ரெண்டு சவ்வு, நடுவுல
உரசாம இருக்க ரெண்டு ஸ்பூன் ஈரம்.
எல்லாருக்கும் உண்டு.
இவங்களுக்கு ஒன்றரை லிட்டர் இருக்கும்."

சத்துவாச்சாரிக்கு நாளைக்கு ஆறு நடை அடிக்கிறேன்.
பாலாற்றில் மணலுக்கே பஞ்சம்.
இவளுக்குள் எங்கிருந்து?

மேசைமேல் தலையணை, அதன்மேல் அவள் நெற்றி.
ஊசி இறங்கும்போது மூச்சை அடக்கச் சொன்னார்கள்,
ஏதோ அவளிடம் நிறைய இருப்பதுபோல.
பாட்டிலில் ஏறியது
பால் ஊற்றாத டீயின் நிறம்.

"இறக்கியாச்சே, சரியாயிடுமா?"
"தண்ணி நோயில்லைங்க.
எதனால ஊறுதுன்னு பாக்கணும்.
இருதயமா, டி.பி.யா, வேற எதாவதா.
வியாழக்கிழமை ரிசல்ட்."

வேற எதாவது.
காட்பாடி பாலத்தில் அதற்குமேல் கியர் விழவில்லை.

இருபது நாளுக்குப் பிறகு
இன்றுதான் மல்லாந்து தூங்குகிறாள்.
விடியற்காலை ஒருக்களித்தாள்.
முதுகு என் பக்கம்.
பிளாஸ்திரிக்கு ஒரு சாண் மேலே
விரலை மடக்கிக்கொண்டு போனேன்.

தட்டவில்லை.