இரண்டாவது கட்டம்

முப்பத்தொரு வருடம்
ரியேகா துறைமுகத்தின் மூன்றாம் கிரேனில்
நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
கப்பல் கப்பலாய்ப் பெட்டிகளை இறக்கியவள்
இமைகள் இறங்குவதைக் கவனிக்கவில்லை.

மோவாயைத் தூக்கித்தான் என்னைப் பார்ப்பாள்,
கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல.
செய்தித்தாளை நெற்றியால் படிப்பாள்:
தலைப்பு முடியும்வரை
இரு புருவமும் மேலேறி நிற்கும்.

வேலைக்கான கண் சோதனையில்
மேலே மினுங்கிய பதினான்கு புள்ளிகளில்
ஐந்துதான் தெரிந்தன.
இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டியதும்
பதினான்கும்.
"நல்லதாயிற்று" என்றார் டாக்டர் மருஷிச்,
"காப்பீடே கட்டிவிடும்.
முதல் கட்டத்தில் டிக் போடுங்கள், பார்வைக் குறைபாடு."

நெவென்கா பேனாவை வாங்கி
இரண்டாவது கட்டத்தில் போட்டாள்:
அழகு.

குளியலறை ஓடு மாற்ற
ஒன்பது மாதம் சேர்த்த பணம்.
நான் வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால் யாருக்காக என்று கேட்டிருப்பேன்.
அது எவ்வளவு மோசமான கேள்வி என்பது
திரும்பும் பேருந்தில்
ஐந்தாம் நிறுத்தத்தில்தான் உறைத்தது.

உட்காரவைத்துத்தான் கோடு போட்டார்களாம்.
படுத்தால் தொய்வெல்லாம்
காதுப்பக்கம் ஓடி ஒளிந்துகொள்ளுமாம்.
நடுவில் கத்தியை நிறுத்தி
கண்ணைத் திறங்கள், மூடுங்கள் என்றார்களாம்.
வெட்டியெடுத்த தோலைக் காட்டச் சொன்னாளாம்.
"அவித்த தக்காளித் தோல் மாதிரி, வின்கோ.
இதைச் சுமக்கவா
இத்தனை வருடம் தலையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்?"

உறைந்த பட்டாணிப் பொட்டலம், மணிக்கொருதரம்.
கத்தரிப்பூ நிறம், பிறகு பழைய மஞ்சள்.
ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள்.
எதிர்வீட்டு யெலிட்சா
"எங்கேயோ ஓய்வுக்குப் போய் வந்தாயா?" என்றாள்.
"ஆமாம்" என்றாள் இவள்,
எங்கே என்று சொல்லாமல்.

அதற்குப் பிறகு வீட்டில்
ஒவ்வொன்றாய் அகப்பட ஆரம்பித்தன.
அலமாரி மேல்தட்டின் தூசி.
என் காதில் முடி.
கூரை மூலையில் நீர்க்கசிவு.
"இது எப்போதிலிருந்து?"
ஏழு வருடமாக என்று சொல்ல
எனக்குத் துணிவில்லை.

இமை இன்னும் முழுதாய் மூடுவதில்லை.
சில வாரம் அப்படித்தான், களிம்பு போடுங்கள்
என்கிறார் மருஷிச்.
இரவில்
கதவிடுக்கு வெளிச்சம்போல
மெல்லிய வெள்ளைக் கீற்று.
தூங்குகிறாளா,
பார்க்கிறாளா.

இருட்டில் சட்டை மாற்றும்போது
வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.