நான்காவது பொருள்

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. சோறு தின்ற மயக்கத்தில் பிள்ளைகள்.
அறம், பொருள், இன்பம், வீடு
என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
வீடு என்றால் இங்கே வீடு இல்லை என்றேன்,
பத்தொன்பது வருடமாகச் சொல்லும் அதே வேடிக்கைக் குரலில்.
கடைசி பெஞ்சிலிருந்து ஷிஜின் கேட்டான்:
“அது ஒத்திக்கா, வாடகைக்கா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. நானும்.
அவன் மட்டும் பதிலுக்குக் காத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை இரவு மார்த்தாண்டத்தில்
சாளை வாங்கிக்கொண்டு மேம்பாலத்துக்கடியில் வருகிறேன்.
தூணோரம் ஒரு தார்ப்பாய்.
அதன்மேல் எங்கள் பள்ளிச் சீருடை,
மடித்து, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.
மூன்றாம் வகுப்புத் தங்கை
கடை விளக்கு விழும் பக்கமாகப்
புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.
என்னைக் கண்டதும் அவன்
சீருடையைத்தான் முதலில் எடுத்து மறைத்தான்.

குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட் லைன்வீடு.
அப்பா பால்வெட்டு.
போன இடவப்பாதியில் சறுக்கி விழுந்தவர் எழும்பவில்லை.
பதினாறாம் நாள் வெட்டுக்கத்தியை வாங்க வந்தவர்கள்
சாவியையும் கேட்டார்கள்.
அம்மைக்கு இப்போது அண்டி ஆபீசில் வேலை.
விரல் நுனியெல்லாம் கறை.
அந்தக் கையால் என் கையைப் பிடித்தாள்:
“எனக்க பிள்ளியள ஹோமுல கொண்டு விட்டிருவியளா டீச்சர்?
அதுக்குப் பயந்தாக்கும் சொல்லாத இருந்தது.”
சாளைப்பையைக் கையில் வைத்துக்கொண்டு
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன்.
‘வீட்டுப்பாடம் செய்யவில்லை.’
‘வீட்டுப்பாடம் செய்யவில்லை.’
பதினான்கு இடத்தில், சிவப்பு மையில், என் கையெழுத்து.
அந்தச் சொல்லின் முதல் பாதியை
நான் ஒருநாளும் வாசித்ததே இல்லை.

ஆசிரியர் அறையில் விஷயத்தை வைத்தேன், பெயர் சொல்லாமல்.
எல்லாருக்கும் பெயர் தெரிந்திருந்தது.
ஒருத்தனுக்கு நேரத்தே தொறந்தா
எல்லாவனுக்கும் தொறக்கணும் என்றார் ஐசக்தாஸ் சார்.
“தொறந்தா என்ன சாரே?” என்றார்
தலைமையாசிரியை எஸ்தர் மேபல்,
தேநீரிலிருந்து தலை தூக்காமல்.

ஆறரைக்கு ரோணிக்கம் அக்கா கேட்டைத் திறக்கிறார்,
வருகிற எல்லாருக்கும்.
என்.சி.சி. அறைக் குழாயில் வாளியும் சோப்பும்.
இரும்பு அலமாரியில் மூன்றாம் தட்டு,
அதன் ஒரு சாவி அவனிடம்.
தங்கைக்குக் காலையில் அரசு உப்புமா உண்டு,
ஒன்பதாம் வகுப்புக்கு மதியம்தான் சோறு.
இத்தனை நாளும் அவள் பாதியைத் தாளில் பொதிந்து
காம்பவுண்டுச் சுவர் வழியாக நீட்டியிருக்கிறாள்.
இப்போது சத்துணவுக்கூடத்தில் ரெண்டு தோசை கூடுதலாகச் சுடுகிறார்கள்.
கணக்கில் அது எங்கே எழுதப்படுகிறது என்று
யாரும் கேட்பதில்லை.

கணினியில் முகவரிக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காது.
கிளார்க் இரண்டு வாரமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.
வாடகைக்கு ஒரு முறி கிடைக்குமா என்று
நாங்கள் நாலு பேர் அலைகிறோம்.
ஆண்துணை உண்டா என்று கேட்கிறார்கள்,
அப்புறம் அட்வான்ஸ்.
மேபல் டீச்சர் தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போய்விட்டார்.
மனு இருக்கிறது என்றார்களாம்.

ஐசக்தாஸ் சார் மட்டும் ஒன்று செய்தார், யாரிடமும் சொல்லாமல்.
கணக்கு வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம்
எல்லாரும் அங்கேயே கணக்குப் போட வேண்டும்.
வீட்டுக்கு எதுவும் கிடையாது.
ஏன் சார் என்று கேட்ட பையனிடம்
“எனக்கு நோட்டுச் சுமக்க வயசில்ல லேய்” என்றார்.

காலாண்டுத் தேர்வில் கேட்டிருந்தேன்:
வீடு – பொருள் தருக.
ஷிஜின் எழுதியிருந்தான்:
‘முக்தி. டீச்சர் சொன்னது.’
முழு மதிப்பெண் போட்டுவிட்டு
வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு.
நேற்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
மேம்பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம்
இடுக்குகள் வழியே கீழே கொட்டும்.
அவன் சீருடை
எங்கள் அலமாரியில் நனையாமல் இருக்கிறது.