கடைசி ஒன்றரை மீட்டர்

எழுநூற்றெண்பது பிராங்.
மடியில் வைத்து அவிழ்க்கிறான் நிர்த்தனன்.
சாரைப்பாம்புத் தடிப்பில் ஒரு வயர்,
மேலே ஊதாப் பின்னல், முனையில் பொன்பூச்சு.
பெட்டிக்குள் ஒரு சோடி வெள்ளைக் கையுறை வேறு.
"ரெக்கோட் பிளேயருக்கு," என்றான்.
"மோட்டருக்குச் சுத்தமான கரண்ட் போனால்
வீணைக்குப் பின்னால் இருக்கிற இருட்டு
இன்னும் கறுக்கும்."

நான் லாங்கன்தால் தெருக்களில்
கேபிள் மூட்டுகிறவன்.
கரண்டைச் சுத்தம் என்றோ ஊத்தை என்றோ
ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.
இருக்கும், அல்லது இருக்காது.
இல்லாதபோது மட்டும்
எங்கள் தொலைபேசி அடிக்கும்.

சொல்லிப் பார்த்தேன்:
மலையில் அணை. அங்கிருந்து
அலுமினியக் கம்பியில் பனிக்கு மேலால் நடந்து,
துணைமின்நிலையத்தில் இறங்கி,
பேக்கரி வாசலில் களிமண்ணுக்குள் புகுந்து,
போன கார்த்திகை மழையில்
முழங்கால் சேற்றில் நின்று நான்
பிசின் ஊற்றி மூடிய மூட்டைத் தாண்டி,
உன் நிலவறைப் பியூஸ் பெட்டி,
பிறகு சுவருக்குள்
எழுபத்தோராம் ஆண்டில் எவனோ ஓர் இத்தாலியன்
இழுத்துவிட்ட மெல்லிய செம்பு.
இவ்வளவும் கடந்து வந்ததற்குக்
கடைசி ஒன்றரை மீட்டர்
என்ன ஞானஸ்நானம் கொடுக்கும்?

"நீ இன்னும் கேட்கவில்லையே," என்றான்.

ஒரு மாரியில், ஞாபகமா,
எல்லா வீட்டு அடுப்பு மணிக்கூடும்
ஆறு நிமிடம் பிந்தியது?
கண்டம் முழுக்க மின்துடிப்பு
ஐம்பதுக்கு ஒரு மயிரிழை குறைந்துபோய்,
உன் தட்டும் அதே மயிரிழை பிந்தித்தான் சுற்றியிருக்கும்.
கிழமைக் கணக்காய். உனக்குத் தெரிந்ததா?

யோசித்தான்.
"அந்த நாட்களில் தோடி எனக்குக்
கொஞ்சம் களைத்தமாதிரித்தான் இருந்தது."
குசினிக்குள் துஷ்யந்தி
வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளைத்தான் அலுமாரிக்குப் பின்னால் இருத்தினோம்,
ஒரு கையில் ஊதா வயர், மறுகையில் பழைய கறுப்பு.
எதை மாட்டினேன் என்று சொல்லக்கூடாது.
ஒன்பது தடவை.
ஒவ்வொரு தடவையும் தட்டு நின்று, மறுபடி சுழன்று,
ஊசி அதே இடத்தில் இறங்கும்.
கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் இருவரும்
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் குறித்தோம்.

முதலாவது, ஒன்றுமில்லை.
இரண்டாவது, ஒன்றுமில்லை.
மூன்றாவதில்
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
கேட்டது.
தந்தியில் விரல் தேய்கிற சத்தம்.
கமகத்துக்கு முன்னால் வாசிப்பவர்
மூச்சை உள்ளே இழுத்தது.
எங்கேயோ சென்னையில் அந்த அறைக்கு
ஒரு மூலை இருந்ததுகூடக் கேட்டது.
புதுசு, என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தேன்: அவனும்.

கடைசியில் கணக்குப் பார்த்தால்
அவனுக்கு ஐந்து, எனக்கு நாலு.
நாணயம் சுண்டியிருந்தால்
நேரமாவது மிச்சம்.
"மூன்றாவது?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டோம்.
"மூன்றாவது பழசுதான்," என்றாள் துஷ்யந்தி.
"பிரிட்ஜ் இரைந்துகொண்டே கிடந்தது, விசர் பிடித்தது.
பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.
பிறகு கொழுவிவிட்டேன், பால் இருக்கிறது என்று."

நிர்த்தனன் சிரிக்கவில்லை.
வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு
வயரை வட்டமாய்ச் சுற்றத் தொடங்கினான்,
பிள்ளையின் தொப்புள்கொடியைப்போல, அவ்வளவு பதமாய்.
பதினாலு நாளுக்குள் திருப்பி அனுப்பலாமாம்.

பதினொன்றரைக்கு வீட்டுக்கு நடந்தேன்.
பேக்கரி வாசலில் தார் இன்னும் புதுக்கறுப்பு.
அதற்குக் கீழே என் மூட்டு.
காலடியில் ஓர் அதிர்வும் இல்லை,
இருந்தால்தான் பயப்பட வேண்டும்.
இருபத்திரண்டு வருடம்.
நான் கொண்டுபோய்ச் சேர்த்த கரண்டுக்கு முன்னால்
கண்ணை மூடிக்கொண்டு
ஒரு மனிசன் குந்தியிருந்தது
இன்றைக்குத்தான்.

"அனுப்பாதே, வைத்திரு" என்று அவனுக்கு எழுதினேன்.
அழித்தேன்.
"ஒன்பதாவதுக்கும் அவள் பிளக்கைப் பிடுங்கினவளோ?
போய்ப் பார். இறால் இளகிவிடும்"
என்று அனுப்பினேன்.