இரண்டு லிட்டர் குளிர்

காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள்
ரேடியேட்டர் கொதித்து வேன் நின்றது.
விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.
மாங்காய் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக்
கூழ் ஆலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன,
யாரையும் வழி கேட்காமல்.

என் மடியில் குடம்போல் ஒரு உருளை.
அதற்குள் முப்பத்தெட்டுப் படிகங்கள்,
ஒவ்வொன்றும் ரவையில் பாதி,
இமைமயிர்த் தடிமன் நைலான் வளையத்தில்
மாட்டிக்கொண்ட ஒன்றரை வருஷம்.
திரை சொன்னது: மைனஸ் நூற்று அறுபத்தொன்று.
சற்றுப் பொறுத்து: நூற்று ஐம்பத்தெட்டு.
நூற்று நாற்பதைத் தொட்டால்
உள்ளே பனி பூத்து எல்லாம் நொறுங்கும்.
பெங்களூரில் ஒன்பது மணிக்கு
எக்ஸ்ரே இயந்திரம் என் பேரில்.

டிரைவர் சாதிக் பாட்சாதான் சொன்னார்:
"மாட்டாஸ்பத்திரியில இருக்கும் மேடம்,
ஊசிக்கு வெச்சிருக்கிற புகைத் தண்ணி."

முனிரத்தினம் பின்பக்கக் குவாட்டர்ஸிலிருந்து
பல் விளக்கிக்கொண்டே வந்தார்.
எனக்கு முன்னால்
சினைக்குக் கத்தும் ஒரு சிவலைக் கிடேரி.
"மொதல்ல அது. அதுக்கு நேரம் போயிரும்."
எனக்கும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

செல்லுக்குள் ஒரு பை கிளம்புகிறது,
சரக்கேற்றி, வாய் மூடி.
எங்கே இறக்குவது என்பது
பையின் தோலில் பாதி எழுதியிருக்கும்,
மீதிப் பாதி சுவரில்.
இரண்டும் தொட்டதும் நாலு இழைகள்
கயிறாய் முறுக்கிக்கொள்ளும்.
அந்த இழுப்பில் சுவர் வாய் திறக்கும்.
கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
கிடேரி துள்ளியதும்
பிடித்திருந்தவர் "ஏய்" என்றதும்
ஆயிரம் பை உடைந்ததால்தான்.

அந்த முறுக்கைத்தான் பிடித்து நிற்கவைத்திருந்தேன்.
ஒருவன் முகம் தெரிய வேண்டுமானால்
கோடானுகோடிப் பேர் ஒரே சாயலில்
ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும்.
படிகம் என்றால் அவ்வளவுதான்.

"உள்ள என்ன, ஜெர்சியா, எச்.எஃப்-ஆ?"
"மனுஷங்களோடது" என்றேன்.
சாய்த்த கேன் நிமிர்ந்தது.
கிடேரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
"புரதம் சார், புரதம். அதுவும்
பாக்டீரியாவுக்குள்ள செஞ்சது."
அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.
ஆனாலும் ஊற்றினார்.
வெண்புகை நாலு பேர் காலையும் மூடிச்
சாணம் கிடந்த சிமெண்டுத் தரையில் ஓடியது.
மைனஸ் நூற்று எண்பது.
நூற்றுத் தொண்ணூறு.

பதிவேட்டை எடுத்தார்.
தேதி. அளவு: இரண்டு லிட்டர்.
இனம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது.
பிறகு எழுதினார், மணிமணியாக:
மனிதன்.
கிடேரிக்காரர் கைநாட்டுக்குக் கீழே
என் கையெழுத்து.

கட்டுரையின் நன்றிப் பத்தியில்
காவேரிப்பட்டணம் என்று போட்டிருந்தேன்.
விளக்கம் கேட்டார்கள்.
எடுத்துவிட்டேன்.

வடிவம் கிடைத்தது, ஏறக்குறைய.
நாலில் ஒரு இழையின் வால்நுனி,
பதினேழு அமினோ அமிலம்,
முப்பத்தெட்டில் ஒன்றிலும் விழவில்லை.
அது மட்டும்
ஆளுக்கொரு பக்கம் பார்த்து
உறைந்திருக்கிறது.