நாலு ரெண்டு ரெண்டு

எட்டா, பன்னிரண்டா என்று கேட்டான் கஜரூபன்,
முட்டை விற்பவன் மாதிரி.
வவுனியா பஜார் வீதி, படியேறிப் போகும் கடை.
கண்ணாடிக்குள் இரண்டு கிராபிக்ஸ் கார்ட்,
நடுவில் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம்.

பரந்தனிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தேன்.
பையில் ஒரு ஹார்ட் டிஸ்க்,
அதற்குள் வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய கல்யாணம்.
தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையின் கை
நின்று நின்று போகிறது.
(அவர் நடுங்கவில்லை. என் கணினிதான்.)

பெட்டியில் ஒரு இயந்திர நாகம் படமெடுத்தது.
அதன் வாலடியில் எண்கள்.

மூவாயிரத்து ஐந்நூறு கோர்.
சரி, அத்தனை பேரும் அருவி வெட்டட்டும்.
உப்பட்டி தூக்கி நடக்க
வரம்பு ஒன்றுதானே இருக்கிறது?
வரம்பின் அகலத்தையும் எழுதியிருந்தார்கள், பொடி எழுத்தில்:
பன்னிரண்டு ஜிபிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பிட்,
எட்டு ஜிபிக்கு இருநூற்று ஐம்பத்தாறு.
குளம் பெரிசென்றால் துருசு சின்னன்,
துருசு பெரிசென்றால் குளம் சின்னன்.
இரணைமடுத் தண்ணீரில் முகம் கழுவியவளுக்கு
இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பூஸ்ட் என்று போட்டு ஒரு மெகாஹேர்ட்ஸ்.
அது தரகர் சொல்லும் சம்பளம்,
ஓவர்டைமையும் சேர்த்து.

இருநூற்றிருபது வாட்.
நான் முழுசாய் நம்பிய எண் இது ஒன்றுதான்.
பக்கத்துக் காணியில் அமலதாசனின் அரிசி மில்.
அவர் மோட்டரைப் போட்டால்
என் மின்குமிழ் சிவக்கும், யூபிஎஸ் அழும்.

"தம்பி, என்ர கேமரா பத்து பிட், நாலு ரெண்டு ரெண்டு.
இது அதை நேரே வாசிக்குமா?"
"கேம் எல்லாம் பறக்கும், அக்கா."
"நான் கேம் விளையாடுறேல்லை."

அவன் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டான்.
வெடித்த போன் திரையில் இரண்டு தலையும் குனிந்து
கம்பெனிக்காரன் போட்ட அட்டவணையில் இறங்கினோம்.
விளம்பரம் பேசாத ஆழத்தில், முப்பத்தோராவது வரியில்
டிகோடர் என்றொரு சொல்.
எட்டுக்கு நேரே ஒரு கோடு.
பன்னிரண்டுக்கு நேரேயும் ஒரு கோடு.
இல்லை என்பதை
இவ்வளவு சின்னதாகவும் எழுதலாம்.

பிறகு அவனாகவே எழும்பி
கீழ்த் தட்டில், பிரிண்டர் மைக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு பெட்டியை எடுத்துத் தூசி ஊதினான்.
நாகம் இல்லை. கோர் குறைவு, விலையும் குறைவு.
ஆறு மாதமாய் ஒருவரும் தொடவில்லையாம்.
முப்பத்தோராவது வரியில்: ஆம்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம்,
மடியில் பெட்டி. கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.

ஏழு மணிக்கு மில் நின்றது.
கார்ட்டைச் செருகி, திருகாணி இறுக்கி
கல்யாணத்தைத் திறந்தேன்.
விசிறி இரண்டும் மெல்லச் சுழல
மேளம் கெட்டியாய் எழும்ப
மாப்பிள்ளையின் கை தடங்கலில்லாமல்
பெண்ணின் கழுத்துவரை போனது.

நொடிக்கு ஐம்பது படம், ஒன்றும் தவறவில்லை.
அப்போதுதான் கண்டேன்:
உண்மையாகவே நடுங்கியிருக்கிறார் மனுசன்.

அந்த இடத்தை வெட்டவில்லை.